யாழ்ப்பாணத்தில் நெட்வேர்க் கண்காணிப்பு: எந்தக் கணினியில் எந்த மென்பொருள் ஓடும்? முழுமையான வழிகாட்டி

நெட்வேர்க் கண்காணிப்பு மென்பொருள் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி ராம் வேணும்?" என்பதைத்தான். ராம் முக்கியம்தான். ஆனால் ரியூட்டரி, கடை, விடுதி, சிறிய அலுவலகம் என்று யாழ்ப்பாணத்தில் நாம் வழக்கமாகப் பார்க்கும் இடங்களில் ராம் போதாமல் கண்காணிப்பு நின்றுபோவது குறைவு. கணினி இரவில் ஸ்லீப்புக்குப் போய்விடும். கரண்ட் வந்த பிறகும் தானாக எழும்பாது. எழும்பினாலும் கடிகாரம் பிழையாக ஓடும். எஸ்டி கார்ட் பழுதாகிவிடும். வேலையைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதான். அதனால் மென்பொருள் நிறுவனங்கள் சொல்லும் எண்களோடு, நாள் முழுக்க விழித்திருக்கக் கூடிய கணினி எது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

படி 1: எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுங்கள்

நெட்வேர்க்கில் பார்க்கக் கூடியவை மூன்று மட்டம். ஒரு கருவி உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்பது முதல் மட்டம். ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு டேட்டா போகிறது, சேர்வரின் டிஸ்க் நிரம்புகிறதா என்பது இரண்டாவது. வயரில் போகும் தரவுப் பொதிகளை (பாக்கெட்) பிடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் தேவைப்படும் கணினிகள் வேறு வேறு.

நல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு சிறிய விடுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு பைபர் றவுட்டர், ஒரு சுவிச், மூன்று வைபை அக்சஸ் பொயின்ட், எட்டுக் கமரா, கமராப் பதிவுப் பெட்டி, பில் போடும் கணினி. மொத்தம் பதினைந்து கருவிகள். உரிமையாளரின் முறைப்பாடு இது: "தம்பி, இரவில லைன் விட்டு விட்டு வருது. கொம்பனிக்காரர் தங்கட பக்கம் பிழை இல்லையெண்டு சொல்லீனம்."

இதற்கு முதல் மட்டமே காணும். மூன்று முகவரிகளை இடைவிடாமல் பிங் செய்தால் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால்) சரி. ஒன்று வீட்டு றவுட்டர், பெரும்பாலும் 192.168.1.1. இரண்டாவது, றவுட்டருக்கு அடுத்ததாகக் கொம்பனியின் பக்கத்தில் வரும் முதல் முகவரி. போகும் வழியை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்றூட் கட்டளையைப் போட்டால் அது தெரியும். மூன்றாவது 8.8.8.8 போன்ற வெளி முகவரி. றவுட்டரே பதில் தராவிட்டால் பிழை வீட்டுக்குள்: வயர், சுவிச், அடாப்டர். றவுட்டர் பதில் தந்து மற்ற இரண்டும் தராவிட்டால் பிழை லைனில். முதல் இரண்டும் பதில் தந்து மூன்றாவது மட்டும் விழுந்தால் பிழை அதற்கும் அப்பால். ஒரு கிழமைப் பதிவை நேரத்தோடு கையில் வைத்துக்கொண்டு கொம்பனியோடு கதைத்தால், "எங்கட பக்கம் பிழை இல்லை" என்ற பதில் அவ்வளவு சுலபமாக வராது.

இந்த வேலைக்கு அப்டைம் கூமா போன்ற இலவச மென்பொருள் போதும். நோட் ஜேஎஸ் மேல் ஓடும். டொக்கரிலும் போடலாம். உலாவியில் 3001ஆம் போர்ட்டில் திறந்து பார்க்கலாம். 1 ஜிபி ராம் உள்ள கணினியிலேயே விடுதி அளவு நெட்வேர்க்கைத் தாங்கும். ஆகவே பெரிய மென்பொருள்களைப் படிக்க முன்னர், உங்கள் பிரச்சினை இந்த மட்டத்தோடு முடிகிறதா என்று பாருங்கள். பல இடங்களில் முடிந்துவிடும்.

படி 2: கருவிகளை அல்ல, அளவீடுகளை எண்ணுங்கள்

இரண்டாவது மட்டத்துக்குப் போனால் சபிக்ஸ், லிப்ரே என்எம்எஸ், பிஆர்டிஜி போன்றவை வருகின்றன. இவை எஸ்என்எம்பி என்ற நெட்வேர்க் நிர்வாக நெறிமுறை வழியாகக் கருவிகளிடம் கேள்வி கேட்டுப் பதிலைத் தரவுத்தளத்தில் சேமிக்கும். இங்கே சுமையைத் தீர்மானிப்பது எத்தனை பெட்டிகள் என்பது அல்ல. எத்தனை அளவீடுகள், எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்பதுதான். 24 போர்ட் சுவிச் ஒன்றில் ஒரு போர்ட்டுக்குப் பத்து அளவீடு என்றாலே 240 ஆகிவிடும். பதினைந்து கருவிகள் உள்ள விடுதியில் 500 அளவீடு வருவது சாதாரணம்.

சபிக்ஸின் கையேட்டில், ஒரு மதிப்பைச் சேமிக்க ஏறத்தாழ 90 பைட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 500 அளவீடு, நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 7,20,000 மதிப்புகள். முப்பது நாளுக்கு 2 கோடி 16 லட்சம். 90 ஆல் பெருக்கினால் 2 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. மணித்தியாலச் சராசரிகளை ஒரு வருடம் வைத்திருக்க இன்னும் 400 எம்பி அளவு. ஆக, தரவுத்தளத்துக்கு 10 ஜிபி ஒதுக்கினால் தாராளம். அதே கையேட்டில் 1,000 அளவீடு வரையிலான சிறிய அமைப்புக்கு 2 கோர், 8 ஜிபி ராம் என்றும், 10,000 அளவீட்டுக்கு 4 கோர், 16 ஜிபி என்றும் இருக்கிறது. விடுதி அளவுக்கு 4 ஜிபியிலும் ஓடும். தரவுத்தளத்துக்கு ஒதுக்கும் நினைவகத்தைக் குறைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராமை விட டிஸ்க்கைக் கவனியுங்கள். சிறு சிறு துண்டுகளாக டிஸ்க்கில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதுதான் இந்த மென்பொருள்களின் இயல்பு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இங்கேதான் திணறும். கையில் இருக்கும் காசு ராம் அல்லது எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும் என்றால், யோசிக்காமல் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

அளவெடுக்கும் இடைவெளியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போர்ட்டில் போன டேட்டாவைக் கூட்டிக்கொண்டே போகும் எஸ்என்எம்பியின் பழைய 32 பிட் கவுண்டர், 100 எம்பிபிஎஸ் லைன் நிரம்பி ஓடும்போது ஆறு நிமிடத்துக்குள் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். ஜிகாபிட்டில் 34 விநாடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் லிப்ரே என்எம்எஸ், ஜிகாபிட் சுவிச்சில் அந்தக் கவுண்டரை நம்பினால் வரைபடம் பொய் சொல்லும். சுவிச் வாங்கும்போதே எஸ்என்எம்பி இரண்டாம் பதிப்பும் 64 பிட் கவுண்டரும் இருக்கிறதா என்று கேளுங்கள். நிர்வகிக்க முடியாத மலிவான சுவிச்சில் எஸ்என்எம்பியே இருக்காது. அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய சேர்வர் வைத்தாலும் பயன் இல்லை.

படி 3: கையில் உள்ள கணினியைப் பாருங்கள்

முதலில் 64 பிட்டா என்று பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் சிஸ்டம் டைப் என்ற வரியில் இருக்கும். அங்கே புரொசசர் 64 பிட், இயங்குதளம் 32 பிட் என்று வந்தால் கவலைப்படத் தேவையில்லை. 64 பிட் இயங்குதளத்தைத் திரும்பப் போட்டால் சரி. புரொசசரே 32 பிட் என்றால் அந்தக் கணினியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பொதி பிடிக்கும் மென்பொருளான வயர்ஷார்க், 2022இல் வந்த 4.0 பதிப்போடு 32 பிட் விண்டோஸுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. 2025 ஓகஸ்டில் வந்த லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கு நிறுவியே தருவதில்லை. அப்படிப்பட்ட கணினி கரண்டையும் கூடத் தின்னும்.

அப்புறம் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும் இலவசக் கருவிகள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் உண்டு. பழுதான செக்டர்கள் கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

படி 4: கணினிக்கு ஏற்ற மென்பொருள்

விண்டோஸ் கணினியில் சபிக்ஸ் சேர்வர் நேரடியாக ஓடாது. அந்தக் கணினியின் விவரங்களைச் சேர்வருக்கு அனுப்பும் அதன் ஏஜென்ட் மட்டும்தான் ஓடும். லிப்ரே என்எம்எஸும் லினக்ஸுக்கு உரியது. விண்டோஸிலேயே இருக்க வேண்டும் என்றால் பிஆர்டிஜி ஒரு வழி. 64 பிட் விண்டோஸ் வேண்டும். 100 சென்சர் (ஓர் அளவீட்டுக்கு அதில் உள்ள பெயர்) வரை இலவசம். ஒரு கருவிக்குப் பத்து சென்சர் என்பது பொதுவான கணக்கு. ஆகவே முழுமையாகப் பார்த்தால் பத்துக் கருவிகளோடு எல்லை வந்துவிடும். நம் விடுதியில் கமராக்களுக்கு வெறும் பிங் மட்டும் வைத்தால் பதினைந்தையும் அடக்கலாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமே பெரும்பாலும் தகுதி பெறும். அதற்கு முந்திய கணினிகள் இங்கே எத்தனையோ மூலைகளில் கிடக்கின்றன. அவற்றில் டெபியன் அல்லது உபுண்டு சேர்வர் போட்டால் சபிக்ஸுக்கும் லிப்ரே என்எம்எஸுக்கும் நல்ல வீடு கிடைத்துவிடும். வரைகலைத் திரையே தேவையில்லை. பக்கத்து அறையில் இருந்து உலாவியில் பார்க்கலாம்.

விண்டோஸை விட முடியாதவர்கள் வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற மென்பொருளுக்குள், கணினிக்குள் கணினியாக லினக்ஸ் வைக்கலாம். பயோஸில் (கணினி எழும்பும்போது திறக்கக் கூடிய அடிப்படை அமைப்பில்) வேர்ச்சுவலைசேஷனைத் திறந்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் லினக்ஸுக்கும் நெட்வேர்க்கில் தனி முகவரி கிடைக்க, நெட்வேர்க் அடாப்டரை பிரிட்ஜ் முறையில் வைக்க வேண்டும். மொத்த ராம் 8 ஜிபியாவது வேண்டும். ஆனால் விண்டோஸ் அப்டேட் போட்டு இரவில் மீளத் தொடங்கினால் உள்ளே இருப்பதும் சேர்ந்தே விழும். நிரந்தரமாக வைக்க இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேக்கில் வயர்ஷார்க் நன்றாக ஓடும். எம்1 முதலான ஆப்பிள் புரொசசர்களுக்கும் நிறுவி உண்டு. நிறுவும்போது கூடவே வரும் சிஎச்மொட் பிபிஎஃப் என்ற துணை நிறுவியையும் போட வேண்டும். இல்லாவிட்டால் பொதி பிடிக்க அனுமதி கிடைக்காது. மற்றபடி மேக்கை ஒரு மூலையில் நாள் முழுக்க ஓட விடுபவர்கள் குறைவு என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

ராஸ்பெரி பை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். விலையும் மின்செலவும் குறைவு என்பதால் பலர் அதை நினைக்கிறார்கள். 2019இல் வந்த பை 4இல் உண்மையான ஜிகாபிட் போர்ட் இருக்கிறது. அதற்கு முந்திய 3பி பிளஸ்ஸில் நெட்வேர்க் போர்ட், யூஎஸ்பி 2.0 வழியாகப் போவதால் 300 எம்பிபிஎஸ் அளவோடு நின்றுவிடும். முதல் மட்டத்துக்கு 1 ஜிபி பை காணும். சபிக்ஸ் போட 4 ஜிபி எடுங்கள். தரவுத்தளத்தை எஸ்டி கார்ட்டில் வைக்கவே வேண்டாம். ஓயாத எழுத்தில் கார்ட் தேய்ந்துவிடும். நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஒரு எஸ்எஸ்டி செருகி அதிலிருந்தே பூட் செய்யுங்கள். போன் சார்ஜரால் கரண்ட் கொடுக்காதீர்கள். பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் அது வேகத்தைக் குறைக்கும், சிலவேளை யூஎஸ்பி டிஸ்க்கை விட்டுவிடும். 80 பாகை செல்சியஸ் தாண்டினாலும் தானாக வேகம் குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் அந்த எல்லை தூரத்தில் இல்லை. உலோக உறை அல்லது சிறிய விசிறி போடுங்கள்.

எனது தெரிவைக் கேட்டால், யாழ்ப்பாணத்துச் சிறிய இடங்களுக்குப் பழைய லப்டொப்தான். 64 பிட், 4 அல்லது 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, நெட்வேர்க் வயர் போர்ட், கொஞ்சமாவது தாங்கும் பட்டரி. கரண்ட் போனால் பட்டரியே யூபிஎஸ். திரையும் கீபோர்ட்டும் கூடவே இருக்கின்றன. மூடியைச் சாத்தினால் ஸ்லீப்புக்குப் போகாதபடி அமைப்பை மாற்றுங்கள். நாள் முழுக்கச் சார்ஜில் கிடக்கும் பட்டரி வெக்கையில் வீங்கும். பயோஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள். வீங்கத் தொடங்கினால் உடனே கழற்றி விடுங்கள்.

படி 5: பொதி பிடிப்பதற்கான தேவைகள்

1998இல் ஈதரியல் என்ற பெயரில் வந்து 2006இல் வயர்ஷார்க் ஆன மென்பொருள்தான் மூன்றாவது மட்டத்துக்குப் பெரும்பாலானோர் எடுப்பது. அதன் கையேடு கேட்பது கொஞ்சம்தான்: 500 எம்பி ராம், 500 எம்பி டிஸ்க், 1280க்கு 1024 திரை. இந்த எண்களை நம்பித் தொடங்கினால் சிக்கல். மென்பொருள் திறப்பதற்கு மட்டும்தான் அது காணும். நாம் பிடிக்கும் பொதிகள் வேறு கணக்கு.

20 எம்பிபிஎஸ் லைன் நிரம்பி ஓடினால் நிமிடத்துக்கு 150 எம்பி, மணித்தியாலத்துக்கு 9 ஜிபி சேரும். 100 எம்பிபிஎஸ் என்றால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. ஒரு கோப்பைத் திறக்க, கோப்பின் அளவை விடப் பல மடங்கு ராம் போகலாம். அதனால் நீண்ட நேரம் பிடிக்க வயர்ஷார்க் சாளரத்தைத் திறந்து வைக்காதீர்கள். கூடவே வரும் டம்ப்கேப்பை ஓட விடுங்கள். 100 எம்பிக்கு ஒரு கோப்பு, 50 கோப்பு நிரம்பினால் பழையதை அழித்து எழுது என்று சொல்லிவிட்டால் 5 ஜிபிக்கு மேல் போகாது.

விண்டோஸில் என்பிகேப் என்ற டிரைவர் வேண்டும். அதன் இலவச அனுமதி ஐந்து கணினிகள் வரைதான், ஆனால் வயர்ஷார்க்குக்கு மட்டும் பயன்படுத்தினால் அந்த எல்லை இல்லை. பழைய வின்பிகேப்பை விட்டுவிடுங்கள், அதன் வளர்ச்சி 2013ஓடு நின்றுவிட்டது. லினக்ஸில் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக வயர்ஷார்க்கைத் திறக்காமல், உங்கள் பயனரை வயர்ஷார்க் குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

ஆனால் சுவிச்சில் வெறுமனே வயரைச் செருகினால் உங்கள் கணினியின் பொதிகளும் எல்லோருக்குமான அறிவிப்புகளும்தான் தெரியும். மற்றவர்களுடையது தெரிய, ஒரு போர்ட்டில் போவதை இன்னொரு போர்ட்டுக்கும் பிரதி எடுத்து அனுப்பும் போர்ட் மிரரிங் உள்ள சுவிச் வேண்டும். ஒரு ஜிகாபிட் போர்ட்டின் இரண்டு திசைகளும் நிரம்பி ஓடினால் 2 ஜிகாபிட். அதை ஒரு ஜிகாபிட் மிரர் போர்ட்டுக்குள் தள்ள முடியாது, கொஞ்சம் கொட்டுப்படும். றவுட்டருக்குப் போகும் போர்ட்டை மட்டும் மிரர் செய்தால் நம் அளவுக்கு அந்தப் பிரச்சினை வராது. மலிவான யூஎஸ்பி நெட்வேர்க் அடாப்டர்கள் சில 100 எம்பிபிஎஸ்ஸோடு நிற்கும். வாங்கும்போது யூஎஸ்பி 3.0, ஜிகாபிட் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்து முடிந்ததும் கைவிடப்பட்ட பொதிகளின் எண்ணிக்கையை வயர்ஷார்க் கீழ்வரியில் காட்டும். அது பூச்சியமாக இல்லாவிட்டால் டிஸ்க் அல்லது அடாப்டர் தாங்கவில்லை.

படி 6: கரண்ட், கடிகாரம்

80 வாட் டெஸ்க்டொப் மாதம் முழுக்க ஓடினால் 58 யூனிட் அளவு. 20 வாட் லப்டொப் 14 யூனிட். 5 வாட் பை என்றால் 4 யூனிட்டுக்கும் குறைவு. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால், அந்த 58 யூனிட் பில்லை மேல் படிக்குத் தள்ளிவிடலாம்.

சிறிய யூபிஎஸ்ஸுக்குள் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி பட்டரி, அதாவது 84 வாட் மணி. இழப்புப் போகப் பாதி கிடைத்தாலே நல்லது. டெஸ்க்டொப்புக்கு அரை மணி நேரம். பையும் றவுட்டரும் மட்டும் என்றால் ஒன்றரை மணி நேரம் வரை ஓட்டலாம். 2022 மார்ச்சில் 13 மணி நேர மின்வெட்டுக் கூட வந்த நாடு இது. எந்த யூபிஎஸ்ஸும் கடைசியில் தீரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் என்றால், பட்டரி தீர முன்னரே கணினியை ஒழுங்காக நிறுத்த நட் என்ற இலவச மென்பொருள் உதவும். டெஸ்க்டொப்பின் பயோஸில், கரண்ட் திரும்பியதும் தானாக எழும்பும் அமைப்பைப் போடுங்கள். பை தானாகவே எழும்பும். லப்டொப் பலவற்றில் இந்த வசதி இல்லை, அதன் பெரிய குறை அதுதான்.

பை 4இல் கடிகாரத்துக்குப் பட்டரி இல்லை. கரண்ட் திரும்பி, லைன் வரப் பிந்தினால், நின்ற நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். இரவு 11 மணிக்கு விழுந்த லைன் 9 மணிக்கு விழுந்ததாகப் பதிவாகும். கொம்பனிக்குக் காட்டும் ஆதாரமே பழுதாகிவிடும். சிறிய கடிகாரத் தொகுதி ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். பழைய டெஸ்க்டொப் என்றால் மதர்போர்டில் உள்ள நாணய பட்டரியை மாற்றுங்கள். நேர வலயத்தை ஆசியா, கொழும்பு என்று வையுங்கள்.

எல்லாம் பொருத்தியதும் சுவரில் உள்ள மெயின் சுவிச்சை நீங்களே அணைத்து, யூபிஎஸ் தீரும்வரை விட்டு, திரும்பப் போடுங்கள். கணினி எழும்புகிறதா, மென்பொருள் தானாகத் தொடங்குகிறதா, நேரம் சரியா என்று பாருங்கள். மாரி மழைக்கு முன்னர் இதைச் செய்து முடிப்பது நல்லது. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே செப்பு வயர் போயிருந்தால் மின்னல் அதன் வழியாக வந்து சுவிச்சையும் கணினியையும் சேர்த்தே கொண்டுபோகும். அந்த இடத்துக்குப் பைபர் போடுங்கள்.

படி 7: எச்சரிக்கையும் அனுமதியும்

லைன் விழுந்துவிட்டது என்ற செய்தி அதே லைன் வழியாக வெளியே போகாது. ஒரு யூஎஸ்பி டொங்கிள் அல்லது பழைய போனின் டேட்டாவை இரண்டாவது வழியாக வையுங்கள். வெளியிலிருந்து பார்க்க றவுட்டரில் போர்ட் திறந்து விடாதீர்கள். வயர்கார்ட் போன்ற விபிஎன் (மறைகுறியிட்ட தனி இணைப்பு) ஒன்றைப் பயன்படுத்துங்கள். எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போல வேலை செய்யும், பப்ளிக் என்று கிடக்கும் இயல்பான சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

மற்றவர்களின் பொதிகளைப் பிடிப்பது வேறு விடயம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் தரவை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விருந்தினர் வைபையைத் தனி விலானில் (ஒரே சுவிச்சுக்குள் பிரித்த தனி நெட்வேர்க்கில்) போட்டு, பொதி பிடிக்கும்போது அதை விட்டுவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் ஒவ்வொரு பொதியின் முதல் 128 பைட்டை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். தலைப்பு விவரம் கிடைக்கும், உள்ளடக்கத்தில் பெரும்பகுதி வராது, கோப்பும் பல மடங்கு சிறுத்துவிடும். பிழை பிடிபட்டதும் அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள்.